தஞ்சமாம்பாளின் தரப்பு

இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். வைணவத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியை உருவாக்கினார். அவருடைய ‘ராமானுஜர்’ நாடகத்துக்கு 1999-க்கான சரஸ்வதி சம்மான் கிடைத்தது. இந்த வரலாறு எனக்கு ஒரு சந்தேகத்தைத் தருகிறது. தீர்ப்புச் சொல்லத்தான் ஆசிரியனுக்குச் சம்பளம். நாடகாசிரியன் தீர்ப்புச் சொன்னால் நாடகம் செத்துவிடும். இருவரும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருப்பது?

காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை ஒன்று. பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை ராமானுஜர் விருந்துக்கு அழைக்கிறார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசை. ராமானுஜர் இல்லாத நேரம் நம்பி வந்து உண்டு போகிறார். மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகிக் குளித்துவிடுகிறாள்.

உபந்நியாசத்தில் அவள் குற்றவாளி. வகுப்பறையில் ஜாதிக்கு ஓர் உதாரணம். மேடையில் அவள் மனுஷி. தனக்குக் கற்பித்ததைச் செய்தவள். ஒரு கணம் நம் கையும் சாணத்துக்கு நீண்டால்தான் ஜாதியின் ஆழம் நமக்குத் தெரியும்.

‘நந்தன் கதை’யில் நந்தனைத் தீக்கு அனுப்பும் சூழ்ச்சிக்காரர்கள் மேடையேறும்போதே தண்டிக்கப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை வெறுத்துவிட்டு நானும் குளித்தவனைப்போல் சுத்தமாக வீடு திரும்பிவிடுகிறேன். அங்கே பேசுவது பேராசிரியர். ‘ஔரங்கசீப்’ என்னை அப்படி விடவில்லை. நான் ஏற்க மறுக்கும் ஒருவனின் தனிமை வீடுவரை கூட வந்தது.

அநீதியைச் சுட்டிக்காட்டப் படிப்பு போதும். அதைச் செய்பவனுக்கும் அவனுடைய வார்த்தைகளைக் கொடுக்க வேறொரு நேர்மை வேண்டும். ‘ராமானுஜ’ரைத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது தஞ்சமாம்பாளின் வசனத்தைத்தான்.