கேட்பதும் சொல்வதும்

குமணன்சாவடியில் என் பக்கத்து வீட்டுப் பெண் மூன்று மாதமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. "கொஞ்சம் புத்தி சொல்லுங்க சார்" என்றார் கணவர். 1986ல் லக்ஷ்மி விஜயகுமார் சென்னையில் துவக்கிய ஸ்நேகாவில் தொண்டர்கள் புத்தி சொல்வதில்லை, கேட்கிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் காரியம் என்றுதான் இதை வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது வேறுவிதமாகப் படுகிறது. புத்தி சொல்கிறவன் குடும்பத்தின் ஆள். அவள் மறுபடி உலை வைத்துவிட்டால் குணம் என்று கணக்கு. 2001ல் ஏர்வாடியில் தீயில் 28 பேர் இறந்தார்கள், பலர் சங்கிலியோடு. அங்கே கொண்டுபோய் விட்டது பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தாம், பிரியமில்லாமல் அல்ல. சரி, கேட்கிறோம். கேட்டு முடித்ததும் அவள் அதே வீட்டுக்குத்தானே போகவேண்டும்? மாலையில் போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும்தான். கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.