இனிமை யாருடையது?

தவில் பழகும் பிள்ளை உள்ள வீட்டின் அயலிலே குடியிருந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். சரியான சொல் கையில் வந்து அமர்வதற்கு முன் பிழையான சொல் பல்லாயிரம் தடவை ஒலிக்கும். நாதஸ்வரத்துக்கும் வயலினுக்கும் இதுவே விதி. பிழைத்துப் பிழைத்துத் திருந்துவதையே நாம் சாதகம் என்கின்றோம். அப்படியாயின், தொட்ட மாத்திரத்தில் இனிமையாக ஒலிக்கின்ற, பிழைச் சுரமே இல்லாத ஒரு வாத்தியத்தில் கற்பதற்கு என்ன இருக்கின்றது? பாடுபடாமல் வந்த இனிமை நம்முடையதாகுமா? ‘ஹாண்ட்பான்’ என்னும் புதிய வாத்தியம் இந்த வினாவை நம்முன் வைக்கின்றது.

இதன் பூர்வீகம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ரினிடாட். 1880களில் அங்கு ஆங்கிலேய ஆட்சியினர் மேளம் அடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தனர். மக்கள் மூங்கில் தண்டுகளைத் தட்டித் தாளம் எழுப்பினர். பின்னர் 1930களிலும் 1940களிலும் கழித்து விடப்பட்ட தகரங்களையும் எண்ணெய்ப் பீப்பாக்களையும் தட்டித் தட்டியே அவற்றிலிருந்து சுரங்களைப் பிறப்பித்தனர். ‘ஸ்ரீல்பான்’ எனப்படும் அந்த வாத்தியத்தைச் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் செய்துவந்த பெலிக்ஸ் றோனர், சபீனா ஷேரர் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் ‘ஹாங்’ என்ற வாத்தியத்தை உருவாக்கினர். அவ்வூர்ப் பேச்சு வழக்கில் ‘ஹாங்’ என்றால் கை. கடம் வாசிக்கும் றெற்றோ வேபர் என்ற சுவிஸ் கலைஞர், கடத்தைப் போலக் கையால் வாசிக்கத்தக்கதும் சில சுரங்களை உடையதுமான ஒன்று வேண்டுமென்று கேட்டதே இதற்குத் தூண்டுகோலாயிற்று. ஆகவே நமது மண்குடத்துக்கு இது தூரத்து உறவு எனலாம். 2013ஆம் ஆண்டுடன் அவர்கள் ஹாங் செய்வதை நிறுத்திவிட்டனர். ஆயினும் அதன் வழிவந்த வாத்தியங்களைப் பல நாட்டுக் கைவினைஞர்கள் ஹாண்ட்பான் என்ற பெயரில் செய்து வருகின்றனர்.

இரண்டு உருக்குச் சட்டிகளை வாய்க்கு வாய் வைத்து ஒட்டியது போன்ற தோற்றம். மேற்புறத்தின் நடுவில் ஆழ்ந்து ஒலிக்கும் ஒரு சுரம். அதைச் சுற்றி ஏழோ எட்டோ சுரங்கள். செய்பவர் சுத்தியலால் அடித்துச் சுருதி சேர்த்த பின் வாசிப்பவரால் அதை மாற்ற முடியாது. பரவலாக விற்பனையாகும் ஒருவகையில் உள்ள ஒன்பது சுரங்களும் நமது நடபைரவி இராகத்தின் சுரங்களே. அந்நிய சுரம் ஒன்றும் அதில் இல்லாதபடியால் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் காதுக்கு உறுத்தாது.

சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்த எமது உறவினர் ஒருவர் இதைக் கொண்டு வந்திருந்தார். அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று தட்டிப் பார்த்தனர். எல்லோருக்கும் இனிமையாகவே ஒலித்தது. கால் மணித்தியாலத்தில் எல்லோரும் விளையாடப் போய்விட்டனர். ஒரு சிறுமி மட்டும் இருந்து, மூன்று சுரங்களை மாத்திரம் எடுத்து, ஒரு சிறு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நாலாம் தடவை கடைசிச் சுரத்தை மாற்றினாள். பிறகு அந்தச் சுரத்தையும் விட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். குசினியில் நின்றவர்கள் அப்போதுதான் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை கேட்டது ஒலி. அதன் பின் கேட்டது பாட்டு.

மெட்டு அமைக்கும் வித்தையும் இவ்வளவே என்று உறவினர் விளக்கினார். நடுச் சுரத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டும். ஒரு சிறு வரியைப் பிடித்து மெதுவாகப் பழக வேண்டும். சுரங்கள் இடமும் வலமுமாக மாறி மாறி ஏறுவதால் இரு கைகளையும் சமமாகப் பழக்க வேண்டும். விரல் பட்டவுடன் எடுத்துவிட வேண்டும். அழுத்தினால் நாதம் அடங்கிவிடும், ஓங்கி அடித்தால் காலப்போக்கில் சுருதி கெடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கடைசியாகத்தான் கற்கின்றோம்.

ஆகவே எமது வினாவுக்கு விடை இதுவெனக் கருதுகின்றேன். தட்டியவுடன் வரும் இனிமை செய்தவருடையது. அவருக்கும், பீப்பாயோடு போராடிய அந்த ஏழை மக்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கின்றோம். ஒன்பதில் எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது மௌனமாவது என்ற தெரிவு மாத்திரமே வாசிப்பவருடையது. பிழை ஒலிக்காத இடத்தில் நம்மைத் திருத்துவதற்கும் எவரும் இல்லை. நாமே நமக்கு வாத்தியாராக வேண்டும். சாதகம் அங்கே குறைவதில்லை, இன்னும் கடினமாகின்றது.

முப்பது வருடங்களுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்த எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சுற்றுநிருபமும் படிவமும் மேலிருந்து வரும். ஒரு கூட்டைக்கூட மாற்ற முடியாது. ஆயினும் அதே படிவத்தை நிரப்பி ஏழை ஒருவரை அலையவிடவும் முடியும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பவும் முடியும்.

நம் பிள்ளைகளுக்கு இன்று பல வசதிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அதில் குற்றமில்லை. பெற்றோர் பாடுபட்டுச் சுருதி சேர்த்துக் கொடுத்த வாழ்வு அது. கிடைத்த இனிமையைத் தமது திறமை என்று எண்ணிக் கால் மணித்தியாலத்தில் சலித்துப் போவதே ஆபத்து. அந்தச் சிறுமியைப் போல மூன்று சுரங்களோடு பொறுமையாக இருக்க அவர்களுக்குப் பழக்குவோமாயின், எந்தக் கருவி கையில் கிடைத்தாலும் அவர்கள் தமக்கென ஒரு பாட்டை ஆக்கிக்கொள்வார்கள்.