தோற்றவன் வீடு திரும்பட்டும்

நம் இராயபுரத்தில் குன்றில்லை. ஆயினும் குன்றேறி ஓடுவோரிடம் நாம் கற்க வேண்டியதொன்று உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், கோடைக்கால வாரநாள் மாலைகளில் மலையோட்டப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. இடையில் விலகியவர் முடிவிடத்திற்கு வந்து அதனை அறிவித்தேயாக வேண்டும் என்பது அங்கே விதி. அறிவிக்காது வீடு சென்றால், அவரைத் தேடி மற்றவர் இருளில் மலையேற நேரிடும்.

தோல்வி இழிவா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடிய பெருமானார் (ஸல்) அவர்களே ஒருமுறை பிந்தினார்கள், மறுமுறை முந்தினார்கள். பிந்துவதில் பிழையில்லை, வெட்கி மறைவதே பிழை. நம் உயிர் நம்மை நேசிப்போர்க்கும் உரிய அமானிதமன்றோ? காசிமேட்டில் மகனின் படகு திரும்பாத இரவில் உறங்காத தாய் இதனை அறிவாள்.

தேர்வில் தவறி வீடு திரும்ப அஞ்சும் பிள்ளைக்கு, “தோற்றாலும் வந்து சொல்” என முன்னரே நாம் சொல்லியிருக்கிறோமா?