நுண்ணுயிரும் உரிமையும்

பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே ஒரு காலத்தில் இன்சுலின் வடிக்கப்பெற்றது. 1978 இல் அறிவியலார் புதுவழி கண்டனர். நொதியைக் கத்தரியாக்கி நுண்ணுயிரின் மரபு வளையத்தை வெட்டினர். மனித இன்சுலினுக்குரிய மரபணுவை அதில் பொருத்தி, மீண்டும் நுண்ணுயிருக்குள் செலுத்தினர். பெருகிய நுண்ணுயிர்கள் இன்சுலினை ஆக்கித் தந்தன. 1982 இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இதனை இயற்கைக்கு மாறான செயலெனப் பழிப்போர் உளர். நீரிழிவுற்ற குழந்தையின் தாய் அவ்வாறு கூறாள். வினா வேறிடத்தில் உள்ளது. இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923 இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, மனிதன் மாற்றியமைத்த நுண்ணுயிருக்கே காப்புரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மருள் நால்வர் உடன்படவில்லை. விலைக்கு அஞ்சி இன்சுலின் அளவைக் குறைத்துக்கொள்ளும் நோயாளிகள் அந்நாட்டிலேயே உளர்.