மேற்பிரிவுப் பாடசாலை

இலங்கைக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களின் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். அதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்பு. பிறகு கொழுந்துக் கூடை. ஒரு தலைமுறையையே இழந்தோம்.

பொறுப்பேற்றதும் பெயர்ப்பலகை மாறியது, வகுப்பறை மாறவில்லை. பின்னர் சுவீடனின் உதவி நிறுவனமான சீடாவின் ஆதரவில் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி திறந்தது. லயத்தில் பிறந்தவர்களே பயிற்சி பெற்று ஆசிரியராகத் திரும்பினார்கள். அப்போதுதான் மாற்றம் தெரிந்தது.

இன்று மீண்டும் கல்விச் சீர்திருத்தம். வலயக் கல்வி அலுவலகம் சுற்றுநிருபம் அனுப்பியதோடு நின்றுவிடக் கூடாது. ஆசிரிய ஆலோசகர் பஸ் போகாத தோட்ட மேற்பிரிவுக்கும் ஏறிச் சென்று, டீச்சரோடு வகுப்பில் நாள் முழுக்க இருந்து, புதிய பாடத்தைச் சேர்ந்தே நடத்த வேண்டும். தவணை தொடங்குமுன் தமிழ் வழிகாட்டி நூல் டீச்சர் கையில் இருக்க வேண்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு முதலில் ஆளை அனுப்புங்கள். படிவங்களைப் பிறகு கேட்கலாம்.