செய்தலும் செய்யாதிருத்தலும்

பிறர் வாழ்வில் புகுந்து நன்மை செய்வது அறமா, அவரவரை அவரவர் இயல்பில் வாழவிட்டு விலகி நிற்பது அறமா என்னும் வினா மிகப் பழையது. சீனத்தில் தோன்றிய தாவோ நெறி இதற்கு ஒரு விடை தந்தது. பாலஸ்தீனத்தில் தோன்றிய கிறித்துவம் வேறொரு விடை தந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்விரு நெறிகளும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், அருகருகே வாழ்கின்றன. ஆதலின் அவற்றை ஒப்புநோக்குவது ஏட்டோடு நின்றுவிடும் ஆராய்ச்சி அன்று.

தாவோ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். அவ்வழிக்கு இசைய வாழ்பவன் எதனையும் வலிந்து செய்யான். 'வு வெய்' எனச் சீனர் குறிக்கும் இக்கொள்கையைச் செயலின்மை என மொழிபெயர்ப்பர்; சோம்பல் எனக் கொள்வது பெரும் பிழையாகும். தமிழ்ச் சமய மரபு போற்றும் சும்மா இருத்தல் என்னும் நிலை இதனை ஒருவாறு நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லாவோத்சுவின் பெயரால் வழங்கும் தாவோ தே சிங், துறவிக்கு மட்டுமன்றி அரசனுக்கும் அறிவுரை கூறும் நூலாகும். ஆள்வோன் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறானோ அவ்வளவுக்கு மக்கள் நலமுற வாழ்வர் என்பது அதன் அரசியல்.

கிறித்துவத்தின் விடையை அறிய, நல்ல சமாரியன் கதை ஒன்றே போதும். கள்வரால் அடியுண்டு வழியில் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிச் சென்றனர். அவர்கள் அவனுக்குத் தீங்கு எதுவும் இழைக்கவில்லை. எனினும் அவர்கள்மீதே கதை பழி சுமத்துகிறது. விலகிச் செல்லுதலே குற்றமாகும் ஓர் அறம் இது.

இவ்விரு அறங்களும் நூல்களில் அழகாகவே விளங்குகின்றன. சமுதாயத்தில் இறங்கியபோது அவை விளைத்தவை யாவை? சீனப் பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கிய வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வளரும் சிறுமியின் கால் விரல்களை மடக்கி, எலும்பு முறியுமளவும் துணியால் இறுக்கும் இக்கொடுமை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிலவியது. வாத்தின் காலை நீட்டவும் நாரையின் காலைக் குறைக்கவும் முனைவோரைச் சுவாங்த்சுவின் நூல் கண்டித்திருக்கிறது. பாதக்கட்டுக்கு எதிராக இதனினும் பொருத்தமான வாதம் வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வாதத்தைக் கையிலேந்தித் தாவோ மடங்கள் ஊர் ஊராகச் சென்றதாக வரலாறு காட்டவில்லை. சீன எழுத்தாளர் சிலர் தனிக்குரல் எழுப்பினர், அவ்வளவே. 1870-களில் சியாமென் நகரில் பாதக்கட்டுக்கு எதிராக ஒரு சங்கம் கண்டவர் ஜான் மெக்கோவன் என்னும் கிறித்துவப் பாதிரியார். பின்னர் காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தவாதிகள் அப்பணியை நாடளாவிய இயக்கமாக்கினர். 1912-இல் புதிய குடியரசு அவ்வழக்கத்தைத் தடை செய்தது. தக்க சிந்தனை ஓரிடத்தில் இருந்தது. கூட்டம் கூட்டிச் செயலாற்றும் பழக்கம் வேறோரிடத்தில் இருந்தது. தனக்குத் தீங்கு செய்யாத தத்துவத்தைவிடத் தன் துணிக்கட்டை அவிழ்க்க வந்த கையே அச்சிறுமிக்குப் பயன்பட்டது.

இதனைக் கொண்டு கிறித்துவத்தின் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுதல் எளிது, ஆனால் முறையன்று. பாதிரிமார் சீனத்தின் உள்நாட்டில் தடையின்றிச் செல்லும் உரிமை 1858-ஆம் ஆண்டுத் தியன்சின் உடன்படிக்கையால் கிடைத்தது. அவ்வுடன்படிக்கை பீரங்கி முனையில் பெறப்பட்டது. அபினி வணிகத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அபினியை எதிர்த்து வாதாடிய பாதிரிமார் பலர் என்பது உண்மையே. எனினும் மருந்தும் நஞ்சும் ஒரே கப்பலில் வந்திறங்கியதைக் கண்ட சீன உழவன் அவற்றை எங்ஙனம் பிரித்தறிவான்?

இன்னும் கொடிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதன் வேர்களுள் ஒன்று மலாக்காவில் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய வில்லியம் மில்ன் பாதிரியார் 1816-இல் லியாங் ஃபா என்னும் அச்சுப்பலகை செதுக்கும் தொழிலாளிக்குத் திருமுழுக்கு அளித்தார். லியாங் ஃபா 1832-இல் சீன மொழியில் ஒரு சமய நூல் வெளியிட்டார். காண்டன் நகருக்குத் தேர்வெழுத வந்த ஹொங் சியூசுவான் என்னும் இளைஞரின் கைக்கு அந்நூல் எட்டியது. தேர்வில் பலமுறை தோற்று, நோயுற்று, கனவுக் காட்சி கண்ட அவர், 1843-இல் அதனை ஊன்றிப் படித்தபின் தம்மை இயேசுவின் இளவல் என நம்பலானார். 1851-இல் அவர் நிறுவிய 'தைப்பிங் விண்ணரசு' அபினியைத் தடுத்தது, பாதக்கட்டை விலக்கியது, நிலத்தைப் பகிர்ந்தளிக்கத் திட்டம் தீட்டியது. தாவோ, பௌத்தக் கோயில்களைத் தேடித் தேடி அழிக்கவும் செய்தது. 1864-இல் அப்போர் ஓய்ந்தபோது மாண்டோர் தொகை இரண்டு கோடிக்கும் மேல் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஹொங்கின் கொள்கையைத் திருச்சபைகள் தம்முடையதென ஏற்றதில்லை. எனினும் உலகை உடனே திருத்திவிட வேண்டும் என்னும் அவரது வேகம் எங்கிருந்து வந்தது என்பது எண்ணத்தக்கது.

தைப்பிங் என்றால் பேரமைதி. இவ்விடத்தில் தாவோ நெறியினரும் பெருமிதம் கொள்வதற்கில்லை. கி.பி. 184-இல் ஹான் பேரரசுக்கு எதிராக மஞ்சள் தலைப்பாகையினர் எழுந்தனர். அவர்களை வழிநடத்திய சாங் ஜுவேயின் தாவோ இயக்கத்துக்கும் 'தைப்பிங் வழி' என்பதே பெயர். செயலின்மையைப் போதித்த மரபிலிருந்தே வாளேந்திய பெருங்கூட்டம் ஒன்று புறப்பட்டது. பேராக்கில் ஈயச் சுரங்கங்களுக்காக நிகழ்ந்த லாருட் போர்கள் 1874-இல் முடிவுற்றபின் அங்குள்ள நகருக்குச் சூட்டிய பெயரும் தைப்பிங்தான். அங்கு எவரும் விண்ணரசை மண்ணில் நாட்ட முனையவில்லை. ஈயம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே கவலை. அவ்வமைதி நெடுநாள் நீடித்தது!

தாவோ நெறி எப்போதும் ஒதுங்கியே நின்றது எனக் கருதுவதும் தவறு. மஞ்சள் தலைப்பாகையினர் காலத்தை அடுத்து, ஹான்சொங் பகுதியைச் சாங் லூ என்னும் தாவோ குரு ஆண்டார். வழிப்போக்கர் தங்கச் சாலையோரம் விடுதிகள் அமைத்து, அரிசியும் இறைச்சியும் வைக்கச் செய்தார். பசித்தவன் வயிற்றின் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. சிறு குற்றம் புரிந்தோர் சாலையைச் செப்பனிட்டுக் கழுவாய் தேடினர். கி.பி. 215-இல் சாவ் சாவ் என்னும் படைத்தலைவரிடம் சாங் லூ பணிய நேர்ந்தது. செய்தலும் செய்யாதிருத்தலும் ஒருங்கே கூடிய அந்த விடுதி, பின்வந்த பெரும் பேரரசுகளைவிட ஆழ்ந்த கவனத்துக்கு உரியது.

சிங்கப்பூரில் 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் தம்மைத் தாவோ நெறியினர் என்றனர். 2020-இல் அவ்வளவு 8.8 ஆகக் குறைந்தது. கிறித்துவரோ 10-இலிருந்து 18.9 ஆகப் பெருகினர். ஆங்கிலக் கல்வி பெற்ற இளையோர், ஊதுவத்தி ஏற்றுவதன் காரணத்தைப் பெற்றோரிடம் வினவினர். வழக்கம் என்பதற்கு மேல் விடை பெற்றவர் சிலரே. 1990-இல் சிங்கப்பூர்த் தாவோ கூட்டமைப்பு தோன்றியபின் அந்நெறியும் தன்னை விளக்கிக் கூறக் கற்று வருகிறது. மறுபுறம், தாமஸ் மெர்ட்டன் என்னும் கத்தோலிக்கத் துறவி 1965-இல் சுவாங்த்சுவைப் பற்றி நூலே வெளியிட்டார். 1919-இல் வெளிவந்த சீன விவிலியமும், யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'வார்த்தை'யைத் 'தாவோ' என்றே பெயர்க்கிறது.

நூல்கள் எளிதில் கைகுலுக்கிக்கொள்கின்றன. வீடுகளில் அவ்வாறில்லை. மகன் திருமுழுக்குப் பெறுகிறான். தாவோ நெறித் தந்தை ஒரு சொல்லும் கூறாது விட்டுவிடுகிறார். தந்தையையும் தன் வழிக்குக் கொணர்வதே அன்பின் கடமை என மகன் கருதுகிறான், கொணரவும் முயல்கிறான். தந்தை இறந்தபின் தலைமகன் ஊதுவத்தி ஏந்த வேண்டும் என உறவினர் காத்திருக்கின்றனர். தன்னைத் தடுக்காது விட்டவரின் விருப்பத்துக்குத் தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதை அம்மகன் அங்கு நின்று, அந்நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும்.