‘நீ’யும் ‘நீங்க’ளும்

ஜாவா மொழியில் உண்ணுதலைக் குறிக்க மூன்று சொற்கள் உள்ளன. ஒத்தவரோடும் இளையவரோடும் பேசுகையில் ஒரு சொல். மதிப்புக்குரியவரிடம் தான் உண்டதைத் தெரிவிக்கையில் வேறொரு சொல். அந்த மதிப்புக்குரியவரே உண்ணும்போது மூன்றாவதொரு சொல். வீட்டுக்கும் உறக்கத்துக்கும் இவ்வாறே மும்மூன்று சொற்கள் உண்டு. இப்பேச்சு வகைகளுள் எளியது ‘ஙோக்கோ’ எனப்படும். பணிவுக்குரியது ‘கிரமா’ எனப்படும். பணியாள் கிரமாவில் பேசுவான். எசமானர் ஙோக்கோவில் மறுமொழி தருவார். எதிரே நிற்பவர் தம்மினும் மேலோரா, கீழோரா என்று முடிவு செய்யாமல் அங்கே ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடித்தல் அரிது.

மொழி சமுதாயத்தின் கண்ணாடி என்பர் அறிஞர். கண்ணாடி மட்டுமே என்றால் நாம் கவலை கொள்ள வேண்டியதில்லை. கண்ணாடி எவர் முகத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் மொழி, பிள்ளைப் பருவம் முதற்கொண்டு நாவில் ஏறி, யார் உயர்ந்தோர், யார் தாழ்ந்தோர் என்னும் கணக்கை மனத்துக்குக் கற்பித்து விடுகிறது. அப்படியானால் சொல்லை மாற்றினால் மனம் மாறுமா? மனம் மாறாதபோது சொல்லை மட்டும் மாற்றி என்ன பயன்? இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

ஜாவா மக்களே இதை எண்ணிப் பார்த்தார்கள். 1917ஆம் ஆண்டு சுராபாயா நகரில் ‘ஜாவா டிப்பா’ என்னும் இயக்கம் தோன்றியது. எல்லாரும் எல்லாரிடமும் ஙோக்கோவிலேயே பேச வேண்டும் என்பது அதன் கொள்கை. அது வழக்கில் வேரூன்றவில்லை. நூற்றாண்டுகளாகக் குனிந்து பேசிய நா, ஒரே நாளில் பெருமகனை ஒருமையில் விளிக்கத் துணியுமா? துணிந்தாலும் கேட்கும் செவிக்கு அது சமத்துவமாகப் படுமா, வசையாகப் படுமா?

பதினோராண்டுகள் கழித்து, 1928 அக்டோபர் 28ஆம் நாள், பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள் ‘ஒரு தாயகம், ஒரு மக்கள், ஒரு மொழி’ என்னும் கருத்தில் உறுதி பூண்டனர். தீவுகளின் மக்களுள் ஜாவானியரே பெருந்தொகையினர். ஆயினும் அவ்விளைஞர்கள் தேர்ந்தது ஜாவா மொழியை அன்று, மலாய் மொழியை. நம் சபுராளிகள் கரையேறிய துறைமுகங்களிலெல்லாம் வாணிபத்துக்குப் பயன்பட்ட மொழி அது. நம் ‘கப்பல்’, ‘கடை’ என்னும் சொற்களை ஏற்றுக்கொண்ட மொழியும் அதுவே. தேர்வுக்குக் காரணங்கள் பல. பெரும்பான்மையினரின் மொழி மற்றவர்மேல் ஏறி அமரலாகாது என்பது ஒன்று. ஜாவா மொழிக்குரிய படிக்கட்டுகள் மலாயில் அந்த அளவுக்கு இல்லை என்பது மற்றொன்று.

மலாயும் மாசற்றதன்று. அரசர் முன் தன்னைச் சுட்டும் ‘பாத்தேக்’ என்னும் சொல்லுக்கு அடிமை என்றே பொருள். ‘ஹம்பா’வும் அத்தகையதே. இன்று எல்லாரும் ‘நான்’ என்னும் பொருளில் வழங்கும் ‘சாயா’, வடமொழியின் ‘சகாய’ என்பதிலிருந்து வந்து, முன்பு ஏவலாளனைக் குறித்த சொல். ‘அடியேன்’ என்று எழுதிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘சாயா’ என்பவர் எவரும் இன்று தம்மை ஏவலாளராக எண்ணுவதில்லை. எல்லாரும் எடுத்தாளத் தொடங்கியதும் அச்சொல்லில் இருந்த விலங்கு தானே கழன்று விழுந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் அந்நாட்டிலேயே உண்டு. 1957இல், உயர்வு தாழ்வின்றி எவரையும் விளிக்க ‘அண்டா’ என்னும் முன்னிலைச் சொல் புதிதாக முன்மொழியப்பட்டது. சொல் நிலைத்தது. விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் அதை நிறையக் காணலாம். ஆனால் ஆசிரியரையோ முதியவரையோ நேரில் ‘அண்டா’ என்றால் அங்கே மரியாதைக் குறைவாகவே கொள்வர். ‘பாப்பாக்’, ‘இபு’ என்று தந்தையாகவும் தாயாகவும் முறை சொல்லியே அழைப்பர். சமத்துவத்துக்கெனச் செய்த சொல், முகமறியாதாரை விளிக்கும் சொல்லாயிற்று. உறவில்லாத சமத்துவத்தை மனித மனம் விரும்புவதில்லை என்பதே இதன் பாடம் எனக் கருதுகிறோம்.

மேலை நாட்டார் செய்த சோதனைகளும் இரு வகை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் பிரிவினர், பிரபுவையும் நீதிபதியையும் ஒருமையிலேயே விளித்துத் துன்பத்துக்கு ஆளாயினர். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளரும் அரசுப் பணிமனைகளில் ஒருமையைப் புகுத்தினர், அது நீடிக்கவில்லை. சுவீடனில் 1967இல் மருத்துவத் துறைத் தலைவர் ஒருவர் தம் ஊழியர் எல்லாரையும் ஒருமையில் அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே மாறிவந்த வழக்கு அதன்பின் நாடு முழுதும் விரைந்து பரவியது. இவை மேலிருப்பவரைக் கீழே இறக்கிச் சமன் செய்யும் வழி. ஆங்கிலப் பொதுவழக்கோ வேறு வழி சென்றது. அங்கே ஒருமைச் சொல் மெல்ல மறைந்தது. மரியாதைப் பன்மையே அரசருக்கும் ஆண்டிக்கும் பொதுவாயிற்று. கீழிருந்தவரை மேலேற்றிச் சமன் செய்த வழி அது.

இனி நம் மொழிக்கு வருவோம். சங்கப் புலவர் வேந்தரை ‘நீ’ என்றே பாடினர். ஒருவரைப் பன்மையால் கூறுவது உயர்வு கருதிய உலக வழக்கே, இலக்கண நெறியன்று என்பது தொல்காப்பியர் துணிபு. அரபு மொழியிலும் நபித் தோழர்கள் ‘அன்த்த’ என்னும் ஒருமையால்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பேசினர். அவர்களுடைய மரியாதை, ‘யா ரசூலல்லாஹ்’ என்ற விளியிலும் உள்ளத்திலும் இருந்தது. இன்றும் நாம் கையேந்தி இறைவனிடம் இரந்து நிற்கையில் ‘நீ’ என்றே சொல்கிறோம். ஆகவே ‘நீ’ இழிசொல் அன்று. அன்பு மிகுந்த இடத்திலும் அது வரும். மதிப்பு வற்றிய இடத்திலும் அதுவே வரும். எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

“முதியோரை மதிப்பது நம் பண்பு, அதைத்தானே நம் மொழி காக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அப்பண்பைப் பழிப்பார் யார்? ஆனால் நம் நா உண்மையில் வயதைத்தான் அளக்கிறதா? பத்து வயதுச் சிறுவன், அறுபது வயதுத் துப்புரவுத் தொழிலாளியை ‘நீ, வா, போ’ என்கிறான்; வீட்டார் திருத்துவதில்லை. அதே சிறுவன் இருபது வயதுச் செல்வந்தரை ‘வாங்க’ என்கிறான். இங்கே அளக்கப்படுவது வயதன்று; பணமும் தொழிலும் பிறப்பும். அத்தாவை ‘நீங்கள்’ என்று சொல்லும் பிள்ளைகள் பலர், உம்மாவை ‘நீ’ என்கிறார்கள். அது பாசத்தின் உரிமை என்போம். பெரும்பாலும் அது உண்மையும்தான். ஆனால் கணவன் மனைவியை ‘நீ’ என்பதும், மனைவி கணவனை ‘நீங்கள்’ என்பதும் பாசத்தின் கணக்கு மட்டுமா? பாசமானால் இருபுறமும் ஒன்றாக அன்றோ ஓடும்?

மரியாதைச் சொற்களை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ‘அண்டா’வின் கதையைக் கண்டபின் அவ்வாறு சொல்வது பேதைமை. அவை போகும் வழியை அகலப்படுத்தலாம் என்கிறோம். குப்பை எடுக்க வருபவரை, சுமை இறக்குபவரை, சமையலுக்கு உதவ வரும் மூதாட்டியை, நம் பிள்ளைகள் ‘நீங்கள்’ என்று அழைக்கட்டும். ‘அண்ணே’, ‘பெரியம்மா’, ‘அப்பா’ என்று முறை வைத்து அழைத்தால் இன்னும் நன்று. சொல் மாறிய அன்றே மனம் மாறிவிடாது. ஆனால் ‘நீங்கள்’ என்று விளித்த ஒருவரை வாசலில் நிற்க வைத்தே தண்ணீர் கொடுப்பது நாளடைவில் நமக்கே கூசும். அந்தக் கூச்சம்தான் மனமாற்றத்தின் தொடக்கம்.

பட்டப்பெயரால் ஒருவரையொருவர் இழிவுபடுத்த வேண்டாம் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. அழைக்கும் சொல்லும் அறத்தின் கணக்கில் சேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்குத் தேவையில்லை. அக்கணக்கை இல்லங்களில் முதலில் சரிபார்ப்போம்.